மர்பி டவுனில் நாலு மணி முதல் ஐந்து வரை

பெங்களூரில் இறங்கிய மூன்றாவது நாளே நான் ஒரு காரியம் செய்தேன். என் கணவரின் கூடப்பிறந்த அண்ணனுக்கு, "உங்களைப் பார்க்க எப்போது வரலாம்? சனிக்கிழமை காலையா, ஞாயிறு மாலையா, எது உங்களுக்கு வசதி?" என்று வாட்ஸப்பில் கேட்டு அனுப்பினேன். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை வேறு. எவ்வளவு நாகரிகமாக எழுதியிருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முரளியும் படித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆப்ஷன் குடுத்தியே, அது நல்லது" என்றார். பதினாறு வருஷம் நெதர்லாந்தில் குப்பை கொட்டினால் புத்தி இப்படித்தான் போகும்.

உத்ரெக்டில் என் பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் அப்படியொரு சிநேகிதம். அவள் வாசலுக்கும் என் வாசலுக்கும் எட்டடி தூரம். ஆனாலும் காபிக்கு வருகிறாயா என்று கேட்டால் இருவரும் நாட்குறிப்பைப் பிரிப்போம். இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பல் டாக்டர், அதற்கடுத்த வியாழன் மூன்று மணி. அந்த வியாழன் சரியாக மூன்று மணிக்கு மணி அடிக்கும். காபியோடு ஒரு பிஸ்கட் தருவார்கள், டப்பாவை மூடிவிடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை. சொன்னால் சொன்னபடி நிற்கிற தங்கமான ஜனங்கள். நாங்களும் அப்படியே ஆகிவிட்டோம் என்பதுதான் கதை.

முரளியின் அலுவலகம் அவரை ஆறு வாரத்துக்கு பெங்களூர் கிளைக்கு அனுப்பியது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் எங்கள் மகள் இலாவும் ஒட்டிக்கொண்டோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆரணியில் பிறந்த எனக்கு பெங்களூர் வெளியூர். அவளுக்கு அசல் வெளிநாடு.

அலுவலகம் அனுப்பியது என்று சொன்னேன். உண்மையில் முரளி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார், அண்ணனுக்காக.

அந்த அண்ணன்தான் ஏகாம்பரம் மாமா. அவருக்கும் முரளிக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா போனதும் பதின்மூன்று வயது முரளியை கிருஷ்ணகிரியிலிருந்து மர்பி டவுனுக்குக் கூட்டிவந்து, தொழிற்சாலையில் லேத் ஓட்டிய சம்பளத்தில் இன்ஜினியராக்கியவர் அவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு ஐரோப்பா வந்தார். ஆம்ஸ்டர்டாமில் எல்லாரும் படகில் ஏற, இவர் மட்டும் நழுவி, வழி கேட்டு ரயிலேறி, பை நிறைய நிப்பட்டுத் தட்டையும் பருப்புப் பொடியுமாக எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டார். தம்பியை அசத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். உள்ளே முரளியின் மேலதிகாரியும் அவர் மனைவியும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். கதவைத் திறந்த முரளி வாயில் வந்தது ஒரே வாக்கியம். "ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதாண்ணா?"

அவர் சோபா நுனியில் இருபது நிமிஷம் உட்கார்ந்தார். நான் பதற்றத்தில் ஒரு காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன். ஆமாம், ஒன்றேதான்! "கூட்டத்துல தேடுவாங்க" என்று எழுந்தவர் போயே போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் போனை அவர் எடுப்பதில்லை. அவர் மனைவி கோமதி அக்கா எடுத்து, "நல்லா இருக்கோம்மா, நீங்க நல்லா இருக்கீங்களா" என்பதோடு சரி. முரளிக்கு ஆறு வருஷமாக நெஞ்சில் முள். இந்த ஆறு வாரத்துக்குள் அண்ணன் பழையபடி தன்னோடு பேசிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது.

அந்த மனிதரிடம்தான் நான் தேதி கேட்டு எழுதினேன்.

பதில் மறுநாள் வந்தது. "ஞாயிறு. மாலை 4 முதல் 5 வரை." கும்பிடு பொம்மை இல்லை.

நாங்கள் தங்கியிருந்தது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரி ஸ்டெல்லா. நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். என் வயதுதான். வந்த அன்றே கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "உப்பு இருக்கா உங்ககிட்ட?" என்று என் சமையலறையைத் திறந்து பார்த்தவள். விஷயத்தைச் சொன்னதும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"ஏம்ப்பா, சொந்த அண்ணன் வீட்டுக்கா? டேட் கேட்டீங்களா? அய்யோ, என்னா மாதிரி ஜனங்கப்பா நீங்க! அவரு உங்கள டாக்டர் மாதிரி வெயிட் பண்ண வெக்காம விட்டாரே, அதுவே பெருசு."

"பின்ன எப்படிப் போறது?" என்றார் முரளி.

"செருப்ப மாட்டிட்டுப் போறது. இப்பவே போங்க."

"இப்ப எனக்கு அஞ்சு மணிக்கு மீட்டிங் இருக்கு" என்றார் முரளி. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஞாயிறு அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ போனது. லேசான தூறல். ஜூலை மாதத்தில் நம் பக்கம் வெயிலில் மண்டை பிளக்கும். இங்கே ஸ்வெட்டர் போட்டவர்கள் பேல்பூரி தின்கிறார்கள். சாலைக்கு மேலே தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்துக் கூரை போட்டிருக்கின்றன. அத்தனை பெரிய மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி ஒரு டீக்கடை, ஒரு பிள்ளையார், ஒரு பஞ்சர் கடை என்று மூன்றையும் இடித்துப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இலா ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டு நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம். முரளி எங்களை முனையில் இருந்த கோழிக்கடை வாசலில் நிறுத்திவிட்டார். "நாலு மணின்னு சொல்லியிருக்காங்க." கோழிக்கடைக்காரர் மூன்று முறை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். நாலு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் நடந்து, சரியாக நாலுக்கு மணியை அடித்தோம்.

மாமா இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், கைக்கடிகாரத்தோடு கதவைத் திறந்தார். சொந்த வீட்டுக்குள் பேன்ட் போட்ட ஏகாம்பரம் மாமாவை நான் பார்த்ததே இல்லை.

"வாங்க. உக்காருங்க" என்றார், தான் தூக்கி வளர்த்த தம்பியிடம்.

முரளியின் முகம் செத்துவிட்டது. சோபா நுனியில் உட்கார்ந்தார். கோமதி அக்கா மூன்று காபியும் ஒரு தட்டில் மூன்று பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். ஆளுக்கு ஒன்று. அக்காவின் கண் தரையைவிட்டு எழவில்லை. இது அவர் யோசனை இல்லை என்பது தெரிந்தது. ஆறு வருஷமாக அந்த ஒரு பிஸ்கட்டை மாமா மனசில் வைத்திருந்திருக்கிறார்! எனக்குக் கோபம் வரவில்லை. அடேயப்பா, இவ்வளவு வலித்திருக்கிறதா என்று ஆடிப்போனேன்.

பேச்சு நடந்தது. வேலை எப்படி, அங்கே குளிர் எப்படி, மெட்ரோ எங்கே வரை வந்திருக்கிறது. முரளி தயார்செய்து வந்திருந்த மன்னிப்புக்கு அதில் இடமே வரவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. உங்களுக்கு நேரமாச்சு."

ஆட்டோவில் ஏறினோம். இலாதான், "பெரியப்பா நல்லா டச்சுக்காரங்க மாதிரியே இருக்காங்க" என்றாள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள், குழந்தை.

அதற்கப்புறம் மூன்று நாலு வாரம் முரளி அலுவலகம் போய் வந்தார், சாப்பிட்டார், படுத்தார். எங்களை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்பதுதான் சரியான வார்த்தை. கீழே நின்று குரல் கொடுப்பாள்: "ஹேமா! கெளம்பு!" எங்கே என்றால், "ரோட்டுக்கு வா, அப்பறம் தெரியும்." நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். எந்த நாள் எந்தப் பூங்கா, எந்த மியூசியம் எத்தனை மணிக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை அதை அவள் வாங்கிப் படித்துவிட்டு, "சூப்பரா இருக்கே" என்று மடித்து, ஆடிக்கொண்டிருந்த எங்கள் மேசையின் காலுக்குக் கீழே வைத்தாள். மேசை நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் பை-டூ காபி குடித்தேன். நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு சின்ன ஹோட்டல். ஸ்டெல்லா ஒரு காபிக்குச் சொன்னாள். அதை இரண்டு குட்டி டம்ளரில் பாதிப்பாதியாக ஊற்றித் தந்தார்கள். இந்த ஊரில் யாரும் முழுக் காபி குடிப்பதாகவே தெரியவில்லை. மறுநாள் நான் தனியாகப் போனேன். எனக்கும் பாதி போதும், ஆனால் பாதியை யாரிடம் கொடுப்பது? பக்கத்தில் நின்ற ஒரு பெண், தோளில் கம்ப்யூட்டர் பை, தலையில் ஹெல்மெட்டின் அச்சு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டாள்: "பை-டூ போட்டுக்கலாமா மேடம்?" எனக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு என்னைத் தெரியாது. ஒரே காபியைப் பாதி பண்ணிக் குடித்தோம். குடித்து முடித்து, "பர்லா" என்றாள். வரட்டுமா என்று அர்த்தமாம். எட்டடி தூரத்தில் இருக்கும் என் உயிர்த்தோழியோடு ஒரு காபி குடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆகும். நான் அந்த டம்ளரைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றிருந்தேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அத்திபெலே. ஸ்டெல்லாவின் தையல்காரருக்கு அங்கே புது வீடு, கிரகப்பிரவேசம். "உனக்குத்தானே அழைப்பு, நாங்க எப்படி?" என்றேன். "சோறு போடறவங்க எண்ணிப் பாப்பாங்களா?" என்று இலாவுக்குத் தலை பின்ன ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் சந்தாபுரம் வரை நின்றோம். அதற்கப்புறம் பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார், திரும்பிவந்து எல்லாரையும் இறங்கச் சொன்னார். முணுமுணுத்தவர் பாதி, சிரித்தவர் பாதி. பூக்கூடைக்காரம்மா ஒருவர் காலி டெம்போ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவரோடு கன்னடத்தில் சண்டை போட்டு, எங்கள் மூவரையும் சேர்த்துப் பதினோரு பேரை ஏற்றிவிட்டார். இலா சாமந்தி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தாள்.

அத்திபெலேயில் பாதிக் கடைப் பலகையில் தமிழ் இருந்தது. அடுத்த நிறுத்தம் ஓசூர். பந்தலில் எங்களைப் பார்த்ததும் ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்கார வைத்தார். யார் என்று கேட்கவில்லை. கன்னடத்துப் போளியான ஒப்பட்டு, பருப்பு ஊறவைத்த கோசம்பரி, நம்ம ஊர் வத்தக்குழம்பு, எல்லாம் ஒரே இலையில். பாயசம் ஊற்றும்போதுதான் இலாவிடம், "எந்த ஊரு கண்ணு?" என்றார்.

"உத்ரெக்ட்" என்றாள் இலா.

"அது ஓசூர் தாண்டிப் போவணுமா?"

"ஆமா. ரொம்பத் தாண்டி" என்றாள் இலா.

"அப்ப இருட்டறதுக்குள்ள கெளம்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். நாங்கள் யார் என்பது கடைசிவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்து அனுப்பினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஏன் என்று ஸ்டெல்லா கேட்டாள். "அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரே, அவர உக்கார வெச்சு ஒரு வாய் சோறு போட எனக்குத் தோணலையே" என்றேன். பஸ் வந்ததும் அவள் என்னை முதலில் ஏறவிட்டாள்.

இரவு இதை முரளியிடம் சொன்னேன். "போலாம் முரளி. சொல்லாம போயிடலாம்."

"போய்? அவரு மறுபடியும் வாங்க உக்காருங்கன்னு சொன்னா? என்னால தாங்க முடியாது ஹேமா." போர்வையை இழுத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் ஐந்தாவது வாரம் முடியப்போகிறது.

சனிக்கிழமை லால்பாக் மலர்க் காட்சிக்கு முரளி முன்கூட்டியே நுழைவுச் சீட்டு எடுத்திருந்தார். பத்து மணிக்கு உள்ளே, பன்னிரண்டுக்கு வெளியே, பன்னிரண்டரைக்கு மசால் தோசை. ராத்திரி பூரா கொட்டிய மழையில் வழியெல்லாம் மரக்கிளைகள். எங்கள் ஆட்டோக்காரர் நேர் வழியில் நெரிசல் என்று எங்கெங்கோ திருப்பி, அல்சூர் பக்கம் கொண்டுவந்து, ஒரு குளத்தில் இறக்கினார். சாலைதான், மழையில் குளமாகியிருந்தது. வண்டி இருமியது, நின்றது.

"மேடம், எஞ்சின்ல தண்ணி பூந்துச்சு. அரை ஹவர் ஆவும். இல்ல ஒரு ஹவர்" என்றார். கோபப்பட்டு என்ன பண்ண? அவர் இறங்கி வண்டியைத் தட்டிக்கொடுத்து, "சும்மா இருந்தா சரியாயிடுவான்" என்று பக்கத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

அப்போது இலா என் கையைக் கிள்ளினாள். "அம்மா. எனக்கு அவசரம்." காலையில் ஸ்டெல்லா கொடுத்த ராகி மால்ட் இரண்டு டம்ளர், அதற்கு மேல் இளநீர்.

"ஹோட்டல் ஏதாவது பார்க்கலாம்" என்று முரளி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

"அப்பா, இது பெரியப்பா வீட்டுப் பக்கம்தானே? அந்தக் கோழிக்கடை அதோ!"

"வேண்டாம் கண்ணா. சொல்லாம..."

அவள் ஓடிவிட்டாள். பின்னலும் செருப்பும் பறக்க, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி. நானும் ஓடினேன். முரளி போனைப் பிடித்தபடி, "நில்லு! நில்லு!" என்று எங்கள் பின்னால் ஓடிவந்தார்.

கேட் திறந்து கிடந்தது. இலா யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே பாய்ந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் ஏகாம்பரம் மாமா, கிழிந்த பனியனும் முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, தரையில் உட்கார்ந்து ஒரு காலை சம்புக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரில் வீட்டுக்கு வீடு வாசலுக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு, அதுதான் சம்ப். மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமாக ஒரு வாய். ராத்திரி மழையில் தெருத் தண்ணீர் மூடியை மீறி உள்ளே போய்விட்டது. நல்ல வேளையாக சம்பில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்ததாம். ஆனால் அடியில் சேறு. மதியம் குழாயில் காவேரித் தண்ணீர் விடுவார்கள், அதற்குள் கழுவாவிட்டால் மூன்று நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கோமதி அக்கா கயிறு கட்டிய ஒரு வாளியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்: "அந்த முட்டிய வெச்சிக்கிட்டு உள்ள எறங்குனா எப்படி ஏறுவீங்க? நான் கிரேன் கூப்பிடணுமா?"

எங்களைப் பார்த்ததும் அக்கா வாயை மூடினார். மாமா தலையைத் திருப்பினார். பேன்ட் இல்லை, கடிகாரம் இல்லை, ஒரு கால் குழிக்குள். எங்களை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் முரளி போனை என் கையில் திணித்தார். ஷூவைக் கழற்றினார். கொடியில் கிடந்த அண்ணனின் லுங்கி ஒன்றை எடுத்து இடுப்பில் சுற்றி, சட்டையையும் பேன்ட்டையும் கழற்றி கேட்டின் மேல் போட்டார். நேரே போய் மாமா பக்கத்தில் குந்தினார்.

"தள்ளுண்ணா" என்றார்.

மாமா தள்ளினார்.

பள்ளிக்கூட நாளில் வருஷத்துக்கு இரண்டு தடவை முரளிதான் அந்த சம்பில் இறங்கிக் கழுவுவாராம். அன்றைக்கு அவர் ஒல்லிக்குச்சி. இன்றைக்கு நெதர்லாந்துப் பாலாடைக்கட்டி பதினாறு வருஷமாக அவர் இடுப்பில் சேர்ந்திருக்கிறது. பாதி இறங்கினார், தொப்பை மாட்டிக்கொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கோமதி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா எழுந்து நின்றார். இரண்டு கையாலும் முரளியின் தலையைப் பிடித்து ஒரே அழுத்து. முரளி காணாமல் போனார்.

"வாளிய வுடு" என்று மாமா அக்காவிடம் கைநீட்டினார். வாளி இறங்கியது, சேறு ஏறியது. மாமா இழுத்தார், நான் வாங்கினேன், குளியலறையிலிருந்து வந்த இலா வாங்கித் தெருவில் கொட்டினாள். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, கேட்காமல் தன் வாளியையும் கொண்டுவந்து வரிசையில் நின்றார். லால்பாக்கில் எங்கள் பத்து மணி போய்க்கொண்டிருந்தது.

பத்துப் பதினைந்து வாளி போன பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. முகம் தெரியவில்லை. குழிக்குள்ளிருந்து வந்ததால் குரல் இரண்டு மடங்காகக் கேட்டது.

"அண்ணா. அன்னிக்கு வாசல்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

மாமா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு மெதுவாகத் தன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நீ சொன்னதுல தப்பில்லடா" என்றார் மாமா, குழியைப் பார்த்து. "பெரிய மனுசங்க வந்திருந்தாங்க. எனக்கும் தெரியுது. நான் அதுக்காகவா கோவிச்சிக்கிட்டேன்?" கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். "நீ எப்படி இருக்கேன்னு பாக்க வந்தேன்டா. எந்த ரூம்ல படுக்கற, சமையக்கட்டு எப்படி, ஜன்னல தொறந்தா என்னா தெரியுது. அதெல்லாம் பாத்துட்டு வந்து இவகிட்ட சொல்லணும்னு வந்தேன். ஒரு ஹாலு பாத்தேன். அவ்ளோதான். ஆறு வருஷமா இவ கேக்கறா, தம்பி வீடு எப்படிங்கன்னு. எனக்குத் தெரியலியேடா."

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அதுவும் இரண்டு மடங்காக. நான் சேற்றுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அவர் கோபத்தை வைத்திருக்கிறார் என்றுதானே நினைத்தோம்! அவர் வைத்திருந்தது அக்காவிடம் சொல்ல முடியாமல் போன ஒரு பதிலை. மனுஷர்கள் எவ்வளவு பெரியவர்கள், எவ்வளவு சின்னதற்காக அழுகிறார்கள்.

மதியம் வரவேண்டிய காவேரி அப்போதே வந்துவிட்டது. குழாயில் ஒரு உறுமல், அப்புறம் கைத்தண்டி தண்ணீர் நேராக முரளியின் தலையில். "அய்யோ, மூடு! மூடு!" என்று உள்ளே ஒரே கூச்சல். கோமதி அக்கா வால்வைத் தேடி ஓடினார். மாமா ஓடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு தண்ணீரில் குதிக்கும் தம்பியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்க, அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். பிறகு முட்டி வலியையும் மறந்து மண்டியிட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு இழுத்தார். எதிர்வீட்டுக்காரரும் நானும் மாமாவை இழுத்தோம். முரளி வெளியே வந்து அண்ணன் மேலேயே விழுந்தார்.

அக்கா துண்டைக் கொண்டுவந்தார். முரளி கைநீட்டுவதற்குள் மாமா அதை வாங்கி, நாற்பத்தாறு வயதுத் தம்பியின் தலையை அழுத்தித் துவட்டினார். துண்டுக்குள்ளிருந்து முரளி சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ள நுழைஞ்சா லெஃப்ட்ல சமையக்கட்டுண்ணா. ஜன்னலத் தொறந்தா வாய்க்கா. வாத்து வரும். மேல ரெண்டு ரூமு. முன்னாடி இலாவோடது, பின்னாடி எங்களுது."

"படி எத்தினி?"

"பதினாலு. செங்குத்தா இருக்கும்."

"என் முட்டி ஏறாதே."

"நீங்க கீழயே படுங்கண்ணா. வாய்க்கா பக்கம் கட்டில் போடறேன்."

"கேட்டுக்கடீ" என்றார் மாமா அக்காவிடம். அக்கா படியில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குத் திரை என்ன நிறம் என்றார். சோறு வடிக்க இடம் இருக்கிறதா என்றார். முரளி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

துவட்டுவதை நிறுத்திவிட்டு மாமா கேட்டார். "சரி. நாங்க எப்ப வரட்டும்?"

முரளியை எனக்குத் தெரியும். வருஷம் பூரா மனசுக்குள் நாட்காட்டியை விரித்து வைத்திருப்பவர். மே மாதம் வெயில் நன்றாயிருக்கும், ஜூனில் இலாவுக்குப் பரீட்சை, செப்டம்பரில் ஆபீஸ் மும்முரம். அதெல்லாம் அவர் கண்ணில் ஓடுவதைப் பார்த்தேன்.

அவர் எழுந்து கேட்டிடம் போனார். தொங்கிய பேன்ட்டின் பையில் கைவிட்டு, எங்கள் உத்ரெக்ட் வீட்டுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றினார். வந்து அண்ணன் கையில் வைத்தார்.

மாமா அதைப் புரட்டிப் பார்த்தார். லேத் வேலைக்காரர் இல்லையா, சாவியின் பல்லை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பனியனைத் தூக்கி, இடுப்பு அரைஞாண் கயிற்றில் அதைக் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் கொண்டுவந்தது அந்த ஒரு சாவிதான். என்னுடையது உத்ரெக்டில், பூட்டிய வீட்டுக்குள்ளேயே, மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அடுத்த வாரம் ஊருக்குப் போய்க் கதவை எப்படித் திறப்பது என்று நான் கேட்கவில்லை.